டெல்டாவில் வெள்ள நிவாரணம்: பட்டியல் முதல் கணக்கு வரை

நாலைந்து நண்பர்கள், ஒரு தெருக்காரர்கள், பழைய மாணவர் குழு, வெளியூர்ச் சங்கம் என்று யாராக இருந்தாலும் சரி, காவிரி டெல்டாவுக்கு வெள்ள நிவாரணம் கொண்டுவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு பெருமழைக்கும் நல்ல மனசோடு வண்டி வண்டியாகப் பொருள் வருகிறது. அதில் நிறைய, ஏற்கெனவே கிடைத்தவர்கள் கைக்கே மறுபடியும் போய்ச் சேர்கிறது. உள்ளே இருக்கும் ஊர்க்காரர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

பெரும்பாலும் இது பொருள் பற்றாக்குறையால் வருவதில்லை, வேலையின் வரிசை மாறிப்போவதால் வருகிறது. முதலில் பொருள் வாங்குகிறார்கள், அப்புறம் வண்டி பிடிக்கிறார்கள், கடைசியில்தான் ஊரைத் தேடுகிறார்கள். முதலில் ஊர், அடுத்து பட்டியல், அதற்குப் பிறகே பொருள், கடைசியில் வண்டி என்று மாற்றிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

1. புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். மழை பிடித்துக்கொண்ட பிறகு ஆள் சேர்க்க முடியாது, போனும் கிடைக்காது. அதனால் செப்டம்பரிலேயே மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள்.

முதலாவது, ஊருக்கு ஒரு ஆள். நீங்கள் போக நினைக்கும் ஒவ்வொரு ஊராட்சியிலும் அங்கேயே குடியிருக்கும் ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்சிப் பொறுப்பில் இல்லாதவராக இருந்தால் நல்லது. சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண்களை முதலில் பாருங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆண்களிடம் கேட்டால் ‘எல்லாருக்கும் கஷ்டம்தாங்க’ என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அதை வைத்துப் பட்டியல் போட முடியாது.

இரண்டாவது, பணம் வரும் வழி. ஒருவருடைய சொந்தக் கணக்கில் ஜிபே எண்ணைப் போட்டு வசூல் செய்யாதீர்கள். எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், சம்பளப் பணமும் நிவாரணப் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பிறகு பிரித்துக் காட்டுவது கடினம். வங்கியும் கேள்வி கேட்கும். பதிவு செய்த அறக்கட்டளை ஒன்றோடு பேசி, அவர்கள் கணக்கில் இதற்கென்று தனித் தலைப்பு வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரிச் சலுகைக்காக 80ஜி ரசீது கேட்பவர்களுக்கும் அதற்குரிய பதிவு உள்ள அறக்கட்டளை மூலமாகத்தான் கொடுக்க முடியும்.

வெளிநாட்டுப் பணத்தில் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம்தான் வாங்கலாம். நம்மூர்ப் பிள்ளைதானே என்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, எண்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, கால்நடை ஆம்புலன்ஸ் 1962, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. இவற்றோடு அந்தந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியோரின் எண்களையும் சேர்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். சார்ஜ் தீர்ந்த போனுக்குள் இருக்கும் எண்ணால் பயன் இல்லை.

2. எந்த வெள்ளம் என்று பாருங்கள்

டெல்டாவில் வெள்ளம் இரண்டு வழியாக வருகிறது. இரண்டுக்கும் தேவை வேறு.

ஒன்று ஆற்று வெள்ளம். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி உபரி நீரைத் திறந்தால், திருச்சி பக்கம் முக்கொம்பில் அது காவிரியின் கிளையான கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும். கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் படுகை ஊர்களும் திட்டு ஊர்களும்தான் இதில் அடிபடும். 2022 ஆகஸ்டில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் பக்கம் தண்ணீர் புகுந்தது இப்படித்தான். மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இந்த வெள்ளம் வரும். ஆனால் முன்னறிவிப்பு கிடைக்கும். ஒரு நாளாவது அவகாசம் இருக்கும் என்பதால், இங்கே முதல் வேலை ஆட்களையும் மாடுகளையும் கரைக்கு ஏற்றுவதுதான். பொருள் பிறகு.

இன்னொன்று மழை வெள்ளம். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. இந்த வெள்ளத்துக்கு வேகம் குறைவு, ஆனால் வடியாது. நிலம் சமதளம். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கும். கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் முகத்துவாரம் தண்ணீரை உள்வாங்காது. பாசனத்துக்குக் கடைசியாகத் தண்ணீர் வந்து சேரும் கடைமடை ஊர்களில்தான், வெள்ளத் தண்ணீர் கடைசிவரை தேங்கி நிற்கும். இங்கே ஒரு வேளைச் சோற்றோடு வேலை முடியாது. இரண்டு மூன்று வாரத்துக்குக் கூலி வேலை இருக்காது என்று கணக்குப் போட்டுத் திட்டமிடுங்கள்.

3. கிளம்பும் முன் யாரிடம் பேச வேண்டும்

கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு போன், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு போன். அனுமதி கேட்பதற்காக மட்டும் அல்ல. எந்தப் பள்ளியில் முகாம் நடக்கிறது, எந்த ஊருக்கு யார் போயிருக்கிறார்கள், எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்ற மூன்று தகவலும் அவர்களிடம்தான் இருக்கும். நீங்கள் எந்த ஊருக்கு, எத்தனை குடும்பத்துக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அடுத்த குழுவை அவர்கள் வேறு ஊருக்கு அனுப்புவார்கள்.

4. பட்டியல்

மொத்த வேலையில் அதிக நேரம் இதற்குத்தான் போக வேண்டும். பொருள் வாங்க அரை நாள் போதும், பட்டியலுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

புதிதாக வருபவர்கள் செய்வது என்னவென்றால், ஊர்த்தலைவரிடம் ‘எத்தனை குடும்பம்?’ என்று கேட்டு, அவர் சொன்ன எண்ணிக்கைக்குப் பை கட்டுவது. அவர் ரேஷன் அட்டைக் கணக்கைச் சொல்வார். அரசு உதவியும் பெரும்பாலும் அந்த அட்டையை வைத்துத்தான் வருகிறது. 2022-ல் சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்பத்துக்கு 1,000 ரூபாய் கொடுத்தது அட்டை அடிப்படையில்தான். அட்டையில் இல்லாதவர்கள் அங்கேயும் விடுபடுவார்கள், உங்கள் பட்டியலிலும் விடுபட்டால் அவர்களுக்கு வேறு யாரும் இல்லை. அதனால் அட்டைக் கணக்கை ஒப்புப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, வீடு வீடாக நடந்து எழுதுங்கள்.

எங்கிருந்து நடக்க ஆரம்பிப்பது? கடைசித் தெருவிலிருந்து. டெல்டாவில் பெரும்பாலும் ஊர் மேட்டில் இருக்கும், காலனி எனப்படும் தலித் குடியிருப்பு வாய்க்காலை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கும். தண்ணீர் முதலில் புகுவதும் கடைசியில் வடிவதும் அங்கேதான். மெயின் ரோட்டிலிருந்து ஆரம்பித்தால், இருட்டுவதற்குள் அங்கே போய்ச் சேரவே மாட்டீர்கள். 2004 சுனாமி நிவாரணத்திலேயே தலித் குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டது பற்றி நிறையப் பேசப்பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாவிட்டாலும், வண்டி நிற்கும் இடமும் பட்டியல் தொடங்கும் இடமும் சேர்ந்து அதே ஒதுக்கலைச் செய்துவிடும்.

விடுபடுகிறவர்கள் யார் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். ஒரே வீட்டில், ஒரே அட்டையில், தனித்தனி அடுப்பு வைத்திருக்கும் அண்ணன் தம்பி குடும்பங்கள். குறுவை நெல் அறுத்த வயலில் வாத்து மேய்க்க வந்து கொட்டகை போட்டிருப்பவர்கள். செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வெளியூர்க் குடும்பங்கள். ஆற்றோரத்து இருளர், நரிக்குறவர் குடியிருப்புகள். அப்புறம், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வயதானவர்கள்.

கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு ஊரில், கொல்லையில் மாட்டுக்கொட்டகை மாதிரி இருந்த ஒரு கீற்றுச் சாய்ப்பை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். உள்ளே ஒரு ஆயா இருந்தது. கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் கொடுத்து உயர்த்தி, அதன் மேல் மண்ணெண்ணெய் அடுப்பையும் ஒரு மூட்டைத் துணியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ‘கார்டு மவன்கிட்ட இருக்கு தம்பி, அவன் திருப்பூர்ல இருக்கான்’ என்றது. எந்தக் கணக்கிலும் அந்த ஆயா கிடையாது. இப்படி ஒருவராவது இல்லாத ஊரை நான் பார்த்ததில்லை. கொல்லைப்புறத்தையும் எட்டிப் பாருங்கள் என்று பட்டியல் எடுப்பவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.

ஒவ்வொரு வரியிலும் என்ன எழுத வேண்டும்: குடும்பத்தில் பேசும் ஒருவர் பெயர், தெரு, எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா, படுத்த படுக்கையாக யாராவது உண்டா, சுகர் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா, அடுப்பு வேலை செய்கிறதா, கூரை இருக்கிறதா. ஆதார் எண் வேண்டவே வேண்டாம். அரிசி கொடுக்க ஆதார் எதற்கு? நகல் கேட்டால் மக்கள் பயப்படுவார்கள், அல்லது பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று எதிர்பார்ப்பார்கள்.

எழுதி முடித்ததும், பெயர்களையும் தெருக்களையும் மட்டும் ஊரில் நாலு பேர் முன்னால் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நோய், கர்ப்பம் பற்றிய விவரங்களை வாசிக்க வேண்டாம். விடுபட்ட பெயர் அப்போதே வெளியே வரும், சண்டையும் அப்போதே முடிந்துவிடும்.

5. என்ன வாங்குவது

முதல் இரண்டு நாள் சமைத்த சாப்பாடு. வெளியூரிலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுவருவதைவிட, ஊரில் தண்ணீர் ஏறாத பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ அரிசி, பருப்பு, சிலிண்டரை இறக்கி ஊர்க்காரர்களையே சமைக்கச் சொல்லுங்கள். சூடாகக் கிடைக்கும், அவர்களுக்குப் பிடித்த ருசியில் இருக்கும். பொட்டலம்தான் வழி என்றால் புளி சாதமோ எலுமிச்சை சாதமோ கட்டுங்கள். சாம்பார் சாதமும் தேங்காய்ச் சட்னியும் இந்த ஈரக்காற்றில் சீக்கிரம் ஊசிவிடும்.

மூன்றாம் நாள் முதல் மளிகைப் பை. நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு, புளி, மிளகாய்த்தூள், சர்க்கரை, டீத்தூள் போதும். அரிசி புழுங்கல் அரிசியாக இருக்கட்டும். இங்கே தினச்சோறு அதுதான். வெங்காயமும் உருளைக்கிழங்கும் நனைந்தால் அழுகி மற்றப் பொருளையும் கெடுக்கும், அவற்றைத் தனிச் சாக்கில் கொண்டுபோய் அங்கே பிரித்துக் கொடுங்கள்.

சாப்பாடு அல்லாத பொருளில் தார்ப்பாய்தான் முதலில். நாலு மீட்டருக்கு ஆறு மீட்டர் இருந்தால் ஒரு கூரையை மூடலாம். கூடவே நைலான் கயிறு கொடுங்கள். கயிறு இல்லாத தார்ப்பாய் முதல் காற்றிலேயே பறந்துபோகும். பிறகு பாய், போர்வை, கொசுவத்தி, டார்ச், தீப்பெட்டி, சோப்பு. நாப்கினும் புது உள்ளாடையும் அவசியம். இதைக் கேட்க யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதனால் கேட்காமலே வையுங்கள், பெண்கள் கையால் கொடுங்கள்.

பழைய துணி வாங்காதீர்கள். பிரிக்க ஆளில்லாமல் பள்ளி வராந்தாவில் குவிந்து, நனைந்து, நாறி, கடைசியில் ஊராட்சிக்குக் குப்பை அள்ளும் வேலையாக முடியும். ஒருவர் கட்டிக் கழித்த உள்பாவாடையை இன்னொருவரிடம் நீட்டுவது அவரை அவமானப்படுத்துவதும்தான். துணி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் புது லுங்கி, புது நைட்டி.

முடிந்தவரை மளிகையைப் பக்கத்து ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். வண்டி வாடகை மிச்சம், மழையில் வியாபாரம் போன கடைக்காரருக்கும் கொஞ்சம் உதவி.

6. வண்டியும் வழியும்

லாரி வேண்டாம். டெல்டாவின் உட்சாலைகள் பலவும் ஆற்றங்கரை மேல் போகின்றன. மழையில் ஊறிய கரை பாரம் தாங்காது, ஓரம் சரிந்தால் வண்டியும் போகும், கரையும் உடையும். குட்டியானை எனப்படும் சின்னச் சரக்கு வண்டி போதும். தண்ணீர் தேங்கிய இடத்துக்கு ஊர்க்காரர் டிராக்டரைப் பேசி வையுங்கள், டீசலுக்குப் பணம் கொடுத்துவிடுங்கள்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, வந்த உதவியெல்லாம் சாலையோர ஊர்களிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. பசியோடு ரோட்டில் நிற்பவர்கள் வண்டியை மறித்தால் அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. இதற்குத் தயாராகப் போங்கள். சாமான் தெரியாதபடி படுதாவால் மூடுங்கள், பேனர் கட்டாதீர்கள். போகிற ஊரின் ஆள் ஒருவர் முன் சீட்டில் இருக்கட்டும். பிஸ்கட், தண்ணீர் பாட்டில் என்று தனியாக ஒரு மூட்டை வழிக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மறித்தால் இறங்கிப் பேசி, அவர்கள் ஊர்ப் பெயரையும் ஒரு போன் எண்ணையும் எழுதிக்கொண்டு, அடுத்த லோடில் பாருங்கள். சொன்னபடி திரும்பிப் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்து வரும் குழுவை யாரும் நம்ப மாட்டார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். சாலையைத் தண்ணீர் மூடியிருந்தால், எது சாலை, எது வாய்க்கால் என்று இருட்டில் உள்ளூர்க்காரருக்கே தெரியாது. அறுந்த மின்கம்பி கிடந்தால் அந்தத் தெருவுக்குள் கால் வைக்காமல் மின்னகத்துக்குச் சொல்லுங்கள். படுகை ஊர்களுக்குப் படகில்தான் போக முடியும் என்றால், அதைத் தீயணைப்புத் துறையிடமும் மீனவர்களிடமும் விடுங்கள். பொருளைக் கரையில் ஒப்படைத்தால் போதும்.

7. கையில் கொடுப்பது

முந்தின நாள் மாலையே பட்டியல்படி டோக்கன் கொடுத்துவிடுங்கள். டோக்கன் கையில் இருந்தால் முட்டி மோதும் அவசியம் இருக்காது, நேரத்துக்கு வந்து வாங்கிப் போவார்கள். தெருவுக்கு ஒரு நேரம் குறித்து, கடைசித் தெருவுக்கு முதல் நேரம் கொடுங்கள். எல்லாத் தெருவுக்கும் பொதுவாக ஒரு இடம் வைக்கும்போது, அது எல்லோரும் தயங்காமல் வரக்கூடிய இடமா என்று பார்த்து வையுங்கள். கோயில் வாசல் சிலருக்கு அப்படி இருக்காது, பள்ளிக்கூடம் பரவாயில்லை. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

பட்டியலில் இருக்கும் எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் பை கூடுதலாக எடுத்துப் போங்கள். எவ்வளவு கவனமாக எழுதினாலும் அன்றைக்குப் புதிதாக நாலு பேர் வந்து நிற்பார்கள்.

பை வாங்குபவர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்கு ஆதாரம் வேண்டுமென்றால் பொருள் அடுக்கிய படம், கடை ரசீது, கையெழுத்துப் பட்டியல் இவை போதும். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தன் அம்மா கைநீட்டி நிற்கும் படத்தை யாரோ ஒருவர் போனில் பார்க்க வேண்டியதில்லை.

8. தண்ணீர், காய்ச்சல், பாம்பு, சுவர்

தண்ணீர் பாட்டில் முதல் நாளுக்கு. அதன் பிறகு குளோரின் மாத்திரையும் மூடியுள்ள குடமும் கொடுங்கள். மாத்திரை அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய அடிபம்புத் தண்ணீரை ஊராட்சி மருந்து போட்டுச் சரிசெய்யும் வரை குடிக்கக் கூடாது.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ். பாக்கெட் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தால் காத்திருக்காமல் 108.

சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண் வழியாக ஏறும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘வெள்ளத்தண்ணியில் நின்னேன்’ என்று மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் தன்னார்வலர்களுக்கும் இது பொருந்தும். தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

பாம்புகள் மேடு தேடி வீட்டுக்குள் வரும். கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும்.

மண்சுவர் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. ஊறிய சுவர் மழை விட்ட பிறகும் இடிந்து விழும். வீடு திரும்புகிறவர்களிடம் அந்தச் சுவரோரம் படுக்க வேண்டாம், பிள்ளைகளைப் படுக்க வைக்க வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு சொல்லுங்கள்.

9. பத்து நாள் கழித்து மறுபடியும் போங்கள்

பெரும்பாலான குழுக்கள் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்கின்றன. அப்போதுதான் உண்மையான நெருக்கடி ஆரம்பிக்கிறது.

பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கணக்கெடுத்தால் அரசு நிவாரணம் சாகுபடி செய்தவருக்கு வரும். களையெடுக்கப் போகும் கூலிக்காரப் பெண்ணுக்கு அது வராது. சம்பா நெற்பயிர் தண்ணீரில் கிடந்தால் அவருக்கும் வாரக்கணக்கில் வருமானம் இல்லை. உங்களிடம் மிச்சப் பணம் இருந்தால் நிலமில்லாத குடும்பங்களுக்கு இரண்டாவது மளிகைப் பையாகக் கொடுங்கள். நான் எப்போதும் இதற்காகப் பாதித் தொகையை ஒதுக்கி வைக்கச் சொல்வேன்.

கோயில் நிலம், மடத்து நிலம் குத்தகைக்குச் செய்பவர்கள், யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று காட்டும் அடங்கல் பதிவை வாங்கவே அலைவார்கள். அவர்களோடு கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் குழுவில் விவரம் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். நனைந்துபோன ரேஷன் அட்டை, ஆதார், சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க உதவுங்கள். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். மாட்டுக்கு வைக்கோல், ஏனென்றால் வைக்கோல் போர் நனைந்து அழுகியிருக்கும், பால் நின்றுபோனால் அந்த வீட்டில் தினக்காசு நின்றுபோகும்.

10. கணக்கு

வரவு, செலவு, மீதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி, ரசீதுப் படங்களோடு நன்கொடையாளர் குழுவில் போடுங்கள். வண்டி வாடகை, டீசல், தன்னார்வலர் சாப்பாடு எதையும் மறைக்காதீர்கள். மீதிப் பணத்தை என்ன செய்யப் போகிறோம் என்பதையும் அதிலேயே சொல்லுங்கள்.

குடும்பப் பட்டியலை மட்டும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. யார் வீட்டில் கர்ப்பிணி, யார் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பிரதி உங்கள் குழுவில் ஒருவரிடம், ஒரு பிரதி ஊரில் பட்டியல் எடுத்த பெண்ணிடம். அடுத்த செப்டம்பரில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இறந்தவர், பிறந்தவர், குடிவந்தவர் என்று திருத்திக்கொள்ளுங்கள்.